அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பழைய வாட்டர் ஹீட்டர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு உரிமையாளர்கள், வாடகைக்குக் குடியிருப்போர், சங்க நிர்வாகக் குழுவினர் ஆகிய மூன்று தரப்பினருக்காகவும் இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. தண்ணீரைத் தேக்கிவைத்துச் சூடாக்கும் தொட்டி வகை ஹீட்டர்களைப் பற்றியே இதில் அதிகம் பேசப்படுகிறது. மாடிக் கட்டடங்களில் ஒரு வீட்டின் பழுது இன்னொரு வீட்டின் சேதமாக மாறுவது பெரும்பாலும் அவற்றால்தான்.

ஹீட்டர் என் வீட்டுக்குள் இருக்கிறது. அதில் சங்கத்துக்கு என்ன வேலை?

ஹீட்டர் உங்களுடையதுதான். ஆனால் அது மாட்டியிருக்கும் அறையின் தரை, கீழ்வீட்டாரின் கூரை. தனி வீட்டில் தொட்டி ஓட்டையானால் குளியலறை நனைவதோடு விஷயம் பெரும்பாலும் முடிந்துவிடும். மாடிக் கட்டடத்தில் அதே தண்ணீர் தளத்தின் விரிசல்கள் வழியாகவும், மின்கம்பிகள் செல்லும் குழாய்கள் வழியாகவும் இறங்கி, கீழே ஒரு வீட்டை மட்டுமன்றி இரண்டு மூன்று வீடுகளைக்கூட நனைத்துவிடும். 25 லிட்டர் ஹீட்டர் என்றால் 25 லிட்டர்தானே கொட்டும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் ஹீட்டருக்குள் வரும் குழாயின் வால்வை யாராவது மூடும் வரை, மேல்நிலைத் தொட்டியில் உள்ள தண்ணீர் எல்லாம் அந்த ஓட்டை வழியாக வந்துகொண்டேயிருக்கும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தால் யார் மூடுவது?

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் உள்ள ஹீட்டரின் வயதும் நிலையும் சங்கத்துக்குத் தெரிந்திருப்பது நியாயமானது. இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. வீட்டு எண், தயாரிப்பு ஆண்டு, கொள்ளளவு, கடைசியாகப் பராமரிப்பு செய்த மாதம், தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் ஆனோட் கம்பியை மாற்றிய மாதம் என்று ஐந்து விவரங்கள் கொண்ட ஒரு பதிவேடு போதும். அந்தப் பதிவேடு இல்லாத கட்டடத்தில், எந்தத் தொட்டி எப்போது ஒழுகப்போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்பவர் கீழ்வீட்டுக்காரராகத்தான் இருப்பார்.

ஒரு ஹீட்டர் எத்தனை ஆண்டுகள் உழைக்கும்?

தொட்டி வகை ஹீட்டர்கள் பொதுவாக 8 முதல் 12 ஆண்டுகள் வரை உழைக்கும். நல்ல தண்ணீரும் முறையான கவனிப்பும் வாய்த்தால் அதற்கு மேலும் ஓடுவதுண்டு. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் கட்டடத்தில் அதற்கு வெகு முன்பே தொட்டி ஓட்டையாவதும் உண்டு. வயதை நினைவிலிருந்து சொல்ல வேண்டாம். ஹீட்டரின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும், அல்லது வரிசை எண்ணுக்குள் அடங்கியிருக்கும்; பின்னது என்றால், அந்த எண்ணைச் சொல்லித் தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த வீட்டை வாங்கியவர்கள், குடியேறும் வாரத்திலேயே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

தொட்டி ஏன் துருப்பிடிக்கிறது? ஆனோட் கம்பி என்று சொல்கிறார்களே, அது என்ன?

உள்தொட்டி பெரும்பாலும் எஃகால் ஆனது. தண்ணீர் படும் பக்கத்தில் அதற்குக் கண்ணாடி எனாமல் பூச்சு பூசியிருப்பார்கள். எவ்வளவு கவனமாகப் பூசினாலும், பற்றவைத்த இணைப்புகளிலும் குழாய் பொருந்தும் வாய்களிலும் ஊசிமுனை அளவுக்குப் பூச்சு விட்டுப்போன இடங்கள் இருக்கவே செய்யும். வெந்நீர் அந்த இடங்களில் எஃகைத் தொட்டு அரிக்கத் தொடங்குகிறது. அதைத் தடுப்பதற்காகவே தொட்டிக்குள் மெக்னீசியத்தாலோ அலுமினியக் கலவையாலோ ஆன ஒரு கம்பியைப் பொருத்துகிறார்கள். இரும்பைவிட எளிதில் வினைபுரியும் உலோகம் என்பதால் அரிப்பு முதலில் அந்தக் கம்பியைத்தான் தின்னும். கம்பி இருக்கும் வரை தொட்டி தப்பிக்கும். கம்பி கரைந்து முடிந்த பிறகு தொட்டியின் முறை.

புதிய கம்பி விரல் பருமனில் வழவழப்பாக இருக்கும். சில ஆண்டுகள் கழித்து அதையே கழற்றிப் பார்த்தால், மேலெல்லாம் குழிகள் விழுந்து, ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் இளைத்தும், வெள்ளைப் பொருக்கு ஒட்டியும் இருக்கும். கம்பியின் நடுவில் ஓடும் மெல்லிய எஃகு இழை வெளியே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால், அல்லது பாதிக்கு மேல் கரைந்திருந்தால், அன்றே புதிய கம்பியைப் பொருத்திவிட வேண்டும். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று பழையதையே திரும்ப மாட்டுவதில் பயனில்லை. சுவரில் மாட்டும் சிறிய ஹீட்டர்கள் பலவற்றில் இந்தக் கம்பி, சூடாக்கும் எலிமென்ட் பொருந்தியிருக்கும் அடித்தட்டிலேயே இருக்கும். அந்தத் தட்டைக் கழற்றும்போதெல்லாம் ரப்பர் கேஸ்கெட்டையும் புதிதாகப் போட வேண்டும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போட்டால் தொட்டி நன்றாக இருக்கும்போதே கசிவு தொடங்கிவிடும்.

பொதுவாக 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை கம்பியைச் சோதிப்பது முறை. கட்டடத்துக்கு உப்பைப் பயன்படுத்தி நீரை மென்மையாக்கும் இயந்திரம் இருந்தால், ஆண்டுதோறும் பார்ப்பது நல்லது. அந்த இயந்திரம் படிவைக் குறைக்கும். ஆனால் அந்த நீரில் ஆனோட் கம்பி விரைவாகக் கரையும். ஹீட்டர் பராமரிப்பில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது இந்த ஒரு கம்பியை மாற்றுவதுதான். அதுவே மிக அதிகமாகக் கைவிடப்படும் வேலையாகவும் இருப்பது வருத்தத்துக்குரியது.

வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. தொட்டி கெட்டுவிட்டதா?

இல்லை. தண்ணீரில் உள்ள சல்பேட்டைச் சில வகைப் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. மெக்னீசியம் கம்பி இருக்கும் தொட்டியில் அது இன்னும் எளிதாக நடக்கிறது. தண்ணீரை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் குழாய்களில் ஓடவிட்டால் குறையும். திரும்பத் திரும்ப வந்தால் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த கம்பிக்கு மாறலாம். நாற்றம் தாங்கவில்லை என்று கம்பியையே கழற்றி எறிந்துவிட்டு, அந்த ஓட்டையைப் போல்ட்டால் அடைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தொட்டிக்கு இருந்த ஒரே காவலும் போய்விடும்.

ஹீட்டரிலிருந்து சடசடவென்று சத்தம் வருகிறது, தண்ணீர் சூடாகவும் நேரம் ஆகிறது. என்ன காரணம்?

உப்புப் படிவு. கடின நீரில் கரைந்துள்ள கால்சியம், சூடு ஏற ஏறக் கரைந்த நிலையில் நிற்காமல் சுண்ணாம்புப் பாறையாக எலிமென்டின் மேலும் தொட்டியின் அடியிலும் படிகிறது. படிவுக்கு அடியில் சிக்கிய நீர் கொதித்து வெடித்து வெளியேறும் ஓசைதான் அந்தச் சடசடப்பு. எலிமென்டின் சூடு தண்ணீருக்குப் போய்ச் சேராமல் தன்னிடமே தங்குவதால், அது அளவுக்கு மீறிச் சூடாகிச் சீக்கிரம் எரிந்துபோகிறது.

2 கிலோவாட் எலிமென்ட் உள்ள 15 லிட்டர் ஹீட்டர், 25 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 18 நிமிடங்கள் போதும். 25 லிட்டருக்கு அரை மணி நேரம். இதைவிட வெகுவாகக் கூடுதல் நேரம் பிடித்தால் படிவையோ, எலிமென்டையோ, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையோ சோதிக்க வேண்டும்.

தொட்டியை எப்படிக் கழுவுவது? நாமே செய்யலாமா?

அடியில் வடிகால் வால்வு உள்ள ஹீட்டர் என்றால் கவனமுள்ள எவரும் செய்யலாம். முதலில் மின் இணைப்பை எம்சிபி (மின்பலகையில் உள்ள துண்டிப்பு சுவிட்ச்) வரை அணைக்க வேண்டும். சுவர் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கக் கூடாது. தண்ணீர் ஆறும் வரை காத்திருந்து, உள்ளே வரும் குளிர்நீர் வால்வை மூடி, காற்று புகுவதற்காக ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, வடிகால் வால்வில் ரப்பர் குழாயைப் பொருத்தி நீரை வெளியேற்ற வேண்டும். முதலில் தெளிவாக வரும் நீர், கடைசி லிட்டர்களில் பழுப்பாகி, முட்டை ஓட்டுத் துண்டுகளைப் போன்ற வெள்ளைச் செதில்களோடு வரும். குளிர்நீர் வால்வைச் சற்றே திறந்து மூடி, செதில்கள் நிற்கும் வரை அலசலாம்.

மின் இணைப்பைத் திரும்பக் கொடுப்பதற்கு முன் வெந்நீர்க் குழாயில் காற்றுக் குமிழ்கள் நின்று நீர் சீராக விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். தண்ணீர் நிரம்பாத தொட்டியில் மின்சாரம் பாய்ந்தால் எலிமென்ட் மிக விரைவில் எரிந்துவிடும்.

அடித்தட்டைக் கழற்றிப் படிவைச் சுரண்டுவதும், எலிமென்டையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றுவதும் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலைகள். எரிவாயு ஹீட்டரின் பர்னரையும் புகைக்குழாயையும் வேறு யாரும் தொடவே கூடாது. புகைக்குழாய் அடைபட்டாலோ விலகினாலோ கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை.

பாதுகாப்பு வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அடைத்துவிடலாமா?

ஒருபோதும் கூடாது. சங்கம் தன் பராமரிப்பு ஊழியர்களுக்கு எழுத்து மூலம் தர வேண்டிய முதல் அறிவுறுத்தல் இதுவே.

சூடாகும்போது தண்ணீர் விரிவடைகிறது. 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 1.5 விழுக்காடு கூடும். 100 லிட்டர் தொட்டியில் அது ஒன்றரை லிட்டர். உள்ளே வரும் குழாயில் நீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் வால்வு இருந்தால், அந்தக் கூடுதல் நீருக்கு, அழுத்தம் மிகும்போது திறந்து நீரை வெளியேற்றும் இந்தப் பாதுகாப்பு வால்வைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே சூடாகும் நேரத்தில் மட்டும் சில சொட்டுகள் விழுவது இயல்பு. அந்த நீரை ஒரு சிறு குழாய் வழியாகத் தரை வடிகாலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அந்தக் குழாயின் வாய் எப்போதும் திறந்திருக்க வேண்டும். சொட்டுவது தொந்தரவாக இருந்தால், விரிவடையும் நீரை ஏற்றுக்கொள்ளும் விரிவுத் தொட்டி ஒன்றைப் பொருத்துவது சரியான தீர்வு.

ஹீட்டர் அணைந்திருக்கும்போதும் சொட்டு நிற்கவில்லை என்றால், வால்வு மூடிப் பொருந்தும் இடத்தில் தூசி அடைந்திருக்கலாம், அல்லது கட்டடத்தின் நீரழுத்தம் மிகுந்திருக்கலாம். இரண்டையும் சோதித்து, தேவைப்பட்டால் வால்வைப் புதிதாக மாற்ற வேண்டும்.

அடைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெர்மோஸ்டாட்டும் வெப்பத் துண்டிப்பானும் பழுதாகித் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சூடானால், தொட்டிக்குள் உள்ள அழுத்தம் அதைக் கொதிக்கவிடாமல் பிடித்துவைத்திருக்கும். தொட்டி உடையும் அந்த நொடியில் நீரின் ஒரு பகுதி நீராவியாக மாறும். நீராவியின் கனஅளவு நீரினுடையதைப் போல் 1,600 மடங்குக்கு மேல். சுவரையும் தளத்தையும் பெயர்க்கும் வெடிப்புகள் இப்படித்தான் நேர்கின்றன. கையால் தூக்கிவிடும் நெம்புகோல் உள்ள வால்வு என்றால், தயாரிப்பாளரின் குறிப்பில் சொன்ன இடைவெளியில் அதைத் தூக்கிப் பார்த்து, நீர் பாய்ந்து பின் நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் கீழ்த்தள வீடுகளின் ஹீட்டர்கள் மட்டும் அடிக்கடிப் பழுதாகின்றனவே, ஏன்?

இதைக் கவனித்திருந்தால் நீங்கள் பாதி விடையைக் கண்டுவிட்டீர்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நீர் இறங்கும் கட்டடத்தில், ஒவ்வொரு 10 மீட்டர் உயர வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கூடுகிறது. தளத்துக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தொட்டிக்கு 20 தளங்கள் கீழே உள்ள வீட்டுக் குழாயில் 6 பார் அழுத்தம் நிற்கும். அழுத்தக் குறைப்பு வால்வு இல்லாவிட்டால், அல்லது இருந்தும் பழுதாகியிருந்தால், கீழ்த்தளத் தொட்டிகள் ஆண்டு முழுவதும் தங்கள் எல்லைக்கு அருகிலேயே உழைத்துக்கொண்டிருக்கும். மேல்தளத் தொட்டிகளோ சுகமாக இருக்கும்.

ஹீட்டர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம் அதன் தகட்டில் பார் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். கீழ்த்தள வீடு ஒன்றின் குழாயில் அழுத்தமானியைப் பொருத்தி, யாரும் தண்ணீர் எடுக்காத நள்ளிரவில் அளந்து, அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அழுத்தக் குறைப்பு வால்வுகள் பொதுச் சொத்து. அவற்றைச் சரிசெய்யாமல் கீழ்த்தளத்தாரிடம் ஹீட்டரை மாற்றுங்கள் என்று சொல்வது முறையாகாது.

வெப்பநிலையை எவ்வளவில் வைப்பது?

தொட்டிக்குள் 60 டிகிரி செல்சியஸ். லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா ஏறத்தாழ 20 முதல் 45 டிகிரி வரையுள்ள நீரில் பெருகும். ஷவரின் நுண்துளிகளோடு மூச்சில் புகுந்து கடுமையான நிமோனியாவை உண்டாக்கும். 60 டிகிரியில் சில நிமிடங்களில் பெரும்பாலும் அழிந்துவிடும். மின்சாரத்தை மிச்சப்படுத்த 45 டிகிரியில் வைப்பது இந்தக் காரணத்தால் தவறு.

ஆனால் 60 டிகிரி நீர் தோலில் ஏறத்தாழ 5 நொடிகள் பட்டாலே ஆழமான தீப்புண் உண்டாகும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அந்த நேரம்கூடத் தேவையில்லை. எனவே அவர்கள் இருக்கும் வீடுகளில், தொட்டியிலிருந்து வெளிவரும் குழாயில் வெப்பநிலையைச் சமன்செய்யும் கலப்பு வால்வைப் பொருத்த வேண்டும்.

எந்த நிலையில் பழுதுபார்ப்பதை விட்டுப் புதிதாக மாற்ற வேண்டும்?

எலிமென்ட், தெர்மோஸ்டாட், வால்வு, கேஸ்கெட், ஆனோட் கம்பி ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றிக்கொள்ளலாம். உள்தொட்டி ஓட்டையானால் அதற்கு மருந்தில்லை; பற்றவைத்தோ பசை பூசியோ அடைப்பது, பூச்சை இன்னும் கெடுத்து அடுத்த ஓட்டைக்கு வழிவிடும்.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது முக்கியம். ஹீட்டரைத் துடைத்துவிட்டு, குழாய் இணைப்புகளில் வெள்ளைக் காகிதத்தைச் சுற்றிவைத்தால், இணைப்பிலிருந்து வரும் கசிவு காகிதத்தில் தெரியும். இணைப்புகள் காய்ந்திருக்க, வெளி உறையின் அடிப்பக்கத்து விளிம்பில் துருநிற நீர் கசிந்தால் அது உள்தொட்டி. அதுபோலவே, குளிர்நீர்க் குழாயில் தெளிவாகவும் வெந்நீர்க் குழாயில் மட்டும் பழுப்பாகவும் நீர் வந்தால் அரிப்பு தொட்டிக்குள் நடக்கிறது என்று பொருள்.

நன்றாக ஓடும் ஹீட்டரை வயதாகிவிட்டது என்பதற்காக மாற்றச் சொல்வது வீண்செலவு அல்லவா?

தனி வீட்டில் இருப்பவருக்கு அது வீண்செலவாகத் தோன்றலாம். மாடிக் கட்டடத்தில் கணக்கு வேறு. ஒழுகும் வரை ஓட்டுவதால் உரிமையாளருக்கு மிச்சமாவது ஒரு ஹீட்டரின் ஓரிரு ஆண்டு ஆயுள். ஒழுகினால் போவது கீழ்வீட்டின் மரவேலை, வண்ணப்பூச்சு, மின் இணைப்பு, அதோடு அண்டை வீட்டாரின் மனக்கசப்பு. மேலும் தொட்டிகள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் ஒழுகும் என்று நம்ப முடியாது. வெளியே வண்ணம் மங்காமல் இருக்கும் ஹீட்டரின் உள்ளே கம்பி கரைந்து எத்தனை ஆண்டுகளாயிற்று என்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பரிந்துரை இது: 8 ஆண்டுகள் நிறைந்த ஹீட்டரை ஆண்டுதோறும் அடித்தட்டைத் திறந்து சோதிக்க வேண்டும்; 10 ஆண்டுகள் நிறைந்ததை, கம்பி மாற்றிய பதிவு இல்லாவிட்டால் மாற்றிவிட வேண்டும்; பதிவு ஒழுங்காக இருந்தால் 12 ஆண்டுகள் வரை விடலாம். பராமரித்தவருக்குச் சலுகை கிடைப்பதால் இந்த விதியைக் குடியிருப்போர் எளிதில் ஏற்பார்கள்.

கட்டடம் கட்டியபோதே எல்லா வீடுகளிலும் ஒரே ஹீட்டர் பொருத்தப்பட்டது. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றலாமா?

ஒரே ஆண்டில் பொருத்திய தொட்டிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் ஓய்ந்துபோகும். ஒரே கட்டடத்தில் குறுகிய காலத்துக்குள் இரண்டு தொட்டிகள் ஓட்டையானால், மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று கொள்ள வேண்டும். மொத்தமாக வாங்கினால் விலை குறையும், வேலையும் ஒரே தரத்தில் அமையும். பணம் திரட்டக் கடினமாக இருந்தால், மேல்தளங்களிலிருந்து தொடங்கிப் பகுதி பகுதியாக மாற்றலாம். மேலே ஒழுகும் தொட்டியால் கீழே நனையும் வீடுகள் அதிகம். நீரழுத்தம் மிகுந்த கட்டடத்தில் கீழ்த்தளங்களையும் முதல் பகுதியிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றும்போது பிளம்பர் எவற்றையெல்லாம் செய்கிறார் என்று பார்க்க வேண்டும்?

பழைய கொக்கிகளிலேயே புதிய ஹீட்டரை மாட்டிவிட்டுப் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. 25 லிட்டர் ஹீட்டர் நிரம்பினால் தண்ணீரின் எடை மட்டும் 25 கிலோ. தொட்டியின் எடை தனி. சுவர் வெறும் தடுப்புச் சுவரா, கொக்கிகள் துருப்பிடித்துள்ளனவா என்று பார்த்து, தேவையானால் புதிய ஆங்கர் போல்ட்டுகளைப் போட வேண்டும். ஹீட்டருக்கு அருகில், கைக்கு எட்டும் இடத்தில், தடையின்றி மூடித் திறக்கும் வால்வு இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தொடாமல் இறுகிப்போன பழைய வால்வை இந்த வேலையின்போதே மாற்றிவிட வேண்டும். ஒழுகும் நாளில் அது திரும்பாது. வெந்நீர் செல்லும் பாதையில் சாதாரண பிவிசி குழாய் கூடாது. செம்புக் குழாயை எஃகுத் தொட்டியோடு நேரடியாக இணைத்தால் இரு உலோகங்கள் சேரும் இடம் அரிக்கும் என்பதால், இடையில் மின்தடுப்பு இணைப்பு வேண்டும். எர்த் இணைப்பை மீட்டரால் அளந்து காட்டச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவு மின் பாதுகாப்புச் சாதனம் அந்தச் சுற்றில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

தொட்டியைப் பரணிலோ ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலோ வைத்திருப்பவர்கள், அடியில் வடிகாலோடு இணைந்த ஒரு தட்டையும் கசிவு உணர்கருவியையும் பொருத்துவது மிக அவசியம். கசிவை உணர்ந்ததும் தானே நீரை மூடும் வால்வுகளும் கிடைக்கின்றன.

தொட்டியே இல்லாத உடனடி ஹீட்டருக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லைகள் தீராதா?

ஒழுகும் அபாயம் வெகுவாகக் குறையும். ஆனால் நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடும் ஷவரில் நீரை 20 டிகிரி சூடேற்ற, ஏறத்தாழ 8.4 கிலோவாட் மின்சாரம் அந்த நேரத்தில் வேண்டும். காலையில் பல வீடுகள் ஒன்றாக இயக்கும்போது கட்டடத்தின் மின் இணைப்பு தாங்குமா என்பதை மின்பொறியாளர் கணக்கிட்டுச் சொன்ன பிறகே சங்கம் இதற்கு அனுமதி தர வேண்டும். சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும் வெப்பப் பம்பு வகை, சாதாரண மின்ஹீட்டர் எடுப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் அதே வேலையைச் செய்யும். அதற்குக் காற்றோட்டமான இடமும், குளிர்ந்து வடியும் நீருக்கு வடிகாலும் தேவை.

கசிந்து கீழ்வீட்டுக்குச் சேதம் ஏற்பட்டால் யார் பொறுப்பு?

உங்கள் சங்கத்தின் விதிகளும் அந்தந்த இடத்துச் சட்டமும்தான் இதை முடிவு செய்யும். பொதுவாக வீட்டுக்குள் இருக்கும் ஹீட்டர் உரிமையாளருடையது, பொதுக் குழாய்கள் சங்கத்தினுடையவை. விதியில் தெளிவில்லை என்றால், சேதம் நேரும் முன்பே பொதுக்குழுவில் தீர்மானமாக எழுதிவைக்க வேண்டும். காப்பீடு எடுத்திருப்பவர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். திடீர் உடைப்பை ஏற்கும் பல ஒப்பந்தங்கள், நாள்பட்ட கசிவால் வந்த சேதத்தை ஏற்பதில்லை.

பல மாதங்கள் பூட்டிக்கிடக்கும் வீடுகளை என்ன செய்வது?

புறப்படும் முன் மின் இணைப்பையும் ஹீட்டரின் குளிர்நீர் வால்வையும் மூடிவிடச் சொல்ல வேண்டும். திரும்பி வருபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். பல வாரங்கள் தேங்கிய தொட்டியில் ஆனோட் கம்பியின் வினையால் ஹைட்ரஜன் வாயு சேர்ந்திருக்கலாம். ஆகவே அருகில் நெருப்போ புகைபிடித்தலோ இல்லாமல், ஜன்னலைத் திறந்துவைத்து, வெந்நீர்க் குழாயைச் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். அதன் பிறகு தொட்டியை 60 டிகிரிக்குச் சூடாக்கி, அந்த நீரை ஷவர் உட்பட எல்லா வெந்நீர்க் குழாய்களிலும் ஓடவிட்ட பின்பே குளிக்க வேண்டும்.

கசிவைக் கண்ட உடனே முதலில் எதைச் செய்வது?

ஈரக் கையோடு ஹீட்டரைத் தொடாமல், முதலில் எம்சிபியை அணையுங்கள். அடுத்து ஹீட்டரின் குளிர்நீர் வால்வை மூடுங்கள். அது திரும்பவில்லை என்றால் வீட்டுக்கு வரும் முதன்மை வால்வை மூடுங்கள். உடனே கீழ்வீட்டாருக்குச் சொல்லி, அவர்கள் கூரையில் ஈரம் தெரிந்தால் அந்த அறையின் மின் இணைப்பை அணைக்கச் சொல்லுங்கள். தொட்டியை வடிப்பதும் பிளம்பரை அழைப்பதும் அதற்குப் பிறகு. முதன்மை வால்வு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் உள்ள பெரியவர்கள் அனைவருக்கும், வாடகைக்கு இருப்போருக்கும், இரவுக் காவலருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பூட்டிய வீட்டில் கசிவு என்றால் யாரைத் தொலைபேசியில் அழைப்பது, சாவி யாரிடம் உள்ளது என்ற இரண்டு விவரங்களையும் மேற்சொன்ன பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள்.